மென்று முடியாத ரொட்டி

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'நோண்டி டாக்டர்' என்று பெயர். நோயாளியைப் பார்க்கப் போனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார், கேள்விமேல் கேள்வி. வீட்டிலும் அதே கதைதான். "உப்பு கம்மின்னுதானே சொன்னேன், அதுக்கு இவ்வளவு விசாரணையா?" என்று கணவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

அந்த வாரம் அவர் வார்டுக்கு ஒரு தையல்காரம்மா வந்தார். எழுபதைத் தாண்டியவர். துரும்பாக இளைத்திருந்தார், சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பியும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. உடம்பில் எங்கோ எரிகிறது என்று சொல்லுமே தவிர, எங்கே என்று அவற்றால் சொல்ல முடியாது. காசநோயா, புற்றுநோயா, கிருமியா என்று ஸ்கேன் வரை எடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் அகப்படவில்லை. கிருமிக்கொல்லி மருந்துக்கும் அந்த அளவுகள் அசையவில்லை.

ஒரு நாள் காலையில் டாக்டர் வார்டுக்குள் நுழைந்தபோது தையல்காரம்மா ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

"ஏம்மா, பிடிக்கலையா?"

"பிடிக்குது டாக்டர். நாலு வாய் மென்னா தாடை அசந்துபோகுது. கொஞ்சம் விட்டுட்டு மறுபடி சாப்பிடுவேன்."

பக்கத்திலிருந்த மகள் பதறினாள். "இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"பல்லு வலிக்குதான்னு கேட்டாங்க. பல்லு வலிக்கலையே!"

டாக்டருக்குப் பொறி தட்டியது. நாற்காலியை இழுத்தார். தலைவலி? நெற்றிப்பொட்டில் உண்டு, சீப்பு பட்டாலே உயிர் போகிறதாம். கண்?

"நேத்து வலது கண்ணுல திரை விழுந்த மாதிரி ஆச்சு. உடனே சரியாயிடுச்சு."

டாக்டர் நெற்றிப்பொட்டில் விரல் வைத்தார். ரத்தக்குழாய் கயிறுபோல் தடித்திருந்தது. துடிப்பே இல்லை.

தலைமை மருத்துவரின் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். "சார், அந்தத் தையல்காரம்மாவுக்குத் தலைக்குப் போற ரத்தக்குழாய்ல அழற்சி. ரத்தம் பத்தாமதான் மெல்லும்போது தாடை அசந்துபோகுது. கண்ணுக்குப் போறது அடைச்சா பார்வை திரும்ப வராது. இப்பவே ஸ்டீராய்டு குடுக்கணும்."

"ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். எங்கயாவது கிருமி ஒளிஞ்சிருந்தா அதுக்குத் தீனி போட்ட மாதிரி ஆயிடுமே?"

"சல்லடை போட்டுத் தேடியாச்சு சார். காத்திருந்தா அவங்க கண்ணு போயிடும்."

தலைமை மருத்துவர் போனைக் கையில் எடுத்தார். "குடுங்க. திசுச் சோதனைக்கும் அனுப்புங்க. கண் டாக்டரை நான் கூப்பிடறேன்."

வீட்டுக்குப் போயும் டாக்டருக்கு அதே நினைப்புதான். தன் கணிப்பு தப்பாகிவிட்டால்?

மறுநாள் போனபோது தையல்காரம்மா தலை வாரிக்கொண்டிருந்தார். "வலிக்கல டாக்டர்! இன்னொரு ரொட்டி கிடைக்குமா?"

சில நாளில் அளவுகள் மளமளவென்று இறங்கின. நெற்றிக் குழாயிலிருந்து எடுத்த துணுக்கின் முடிவும் வந்தது. அதே அழற்சிதான். நடைபாதையில் நின்றபடியே, "அதேதான்! அதேதான்!" என்று டாக்டர் கத்திய கத்தலில் நர்சுகள் ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் கைதட்டினார்கள். தலைமை மருத்துவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "இந்த கேஸை எல்லாருக்கும் நீங்களே எடுத்துச் சொல்லணும்" என்றார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில், மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். தையல்காரம்மாவின் பார்வையோ அவருடைய வெள்ளைக் கோட்டில் இருந்தது.

"பட்டன் தொங்குது. கோட்டைக் கழட்டிக் குடுங்க."

கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தார். முதல் தடவையிலேயே நூல் காதுக்குள் நுழைந்தது.