சாகாத சிங்கி இறாலும் ஒரு கொலைகாரனும்

சாகாத ஓர் இறாலைக் கொன்றதாக மெக்கானிக்குக்குப் பெயர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பெயர் வைத்தது வேறு யாரோ இல்லை, சொந்த மச்சான், பெண்டாட்டியின் அண்ணன். மனுஷன் போன மாசம் போய்ச் சேர்ந்துவிட்டார். சொன்ன சொல்லை மட்டும் திருப்பி எடுக்கவே இல்லை. மெக்கானிக்குக்கு அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இரண்டு பேருக்கும் வேலை ஒரே இடத்தில், கடல் ஆராய்ச்சிக் கூடத்தில். தண்ணீரைக் குளிர வைக்கும் மிஷினுக்கு மெக்கானிக் பொறுப்பு, தொட்டிகளுக்கு மச்சான் பொறுப்பு. தொட்டிக்கு ஒன்றாக இருந்தது குளிர்கடல் சிங்கி இறால். முழங்கை நீளம், முன்னால் நண்டுக்கு இருப்பதுபோல இரண்டு பெரிய கொடுக்கு. கடல் வருஷா வருஷம் சூடாகிக்கொண்டே போகிறதாம், இதுகள் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டுமாம். அதற்காக வாரத்துக்கு அரை டிகிரி தண்ணீரைச் சூடாக்குவார்கள். மெல்ல ஏற்றினால் உடம்பு பழகிக்கொள்ளும். ஒரேயடியாக ஏற்றினால் நெஞ்சு படபடவென்று அடித்துத் தாளம் தப்பிவிடும். சூடான தண்ணீரில் மூச்சுக்காற்றும் குறைச்சல். படித்தவர்கள் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். மச்சானோ, இறாலின் கொடுக்கு தொங்குகிற தினுசைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

வீட்டிலும் அவருக்கு இதே புத்திதான். குளிக்கிற தண்ணீரில் தெர்மாமீட்டர் போடுவார். காய்ச்சலில் படுத்த பெண்டாட்டியிடம், "மெல்லத்தானே ஏறியிருக்கு, பழகிடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்தவர். அந்த அம்மாள் மூன்று நாள் பேசவில்லை. அது அவருக்குத் தெரியவும் இல்லை.

அன்றைக்கு நல்ல கோடை மத்தியானம். குளிர் மிஷின் படுத்துவிட்டது. கம்ப்ரஸர் காலி, புதுசு வர நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"மாப்ளே, ஒன்பதாம் தொட்டி ரெண்டு டிகிரி ஏறிடுச்சு! அதுல இருக்கிறவ மூச்சு வாங்குறா பாரு!"

"அதுக்கு நான் என்ன மச்சான் பண்றது? ஊதியா குளிர வைக்க முடியும்?"

"ஊது!"

மெக்கானிக் ஊதவில்லை. மீன் கடைக்கு ஓடி ஒரு மூட்டை ஐஸ் வாங்கி வந்து அப்படியே தொட்டியில் கொட்டினார். நல்ல மனசோடுதான் கொட்டினார். மச்சான் போட்ட கத்தலில் மாடியில் இருந்த டைரக்டரே இறங்கி வந்துவிட்டார்.

"உப்புத்தண்ணில வாழுற ஜீவன் தலையில நல்லதண்ணி ஐஸைக் கொட்டுறியே, உனக்கு அறிவு இருக்கா?"

"குளுருதா இல்லையா?"

"குளுரும்யா! பொணமும்தான் குளுரும்!"

ஐஸை இரண்டு பேருமாக வெளியே அள்ளி, பிளாஸ்டிக் பாட்டில்களில் அடைத்து, மூடியைத் திருகி மிதக்கவிட்டார்கள். போதவில்லை. மச்சான் விறுவிறுவென்று மெக்கானிக் வீட்டுக்குப் போனார். படுக்கையறை ஜன்னலில் இருந்த ஏசியைத் தங்கையிடம்கூடக் கேட்காமல் பெயர்த்து, ஒட்டிக்கொண்ட திரைச்சீலையோடு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். (அந்த ஏசி அப்புறம் வீடு திரும்பவில்லை. அது தனி வயிற்றெரிச்சல்.) அதை ஓடவிட்டு, வேர்த்த முகத்தை அதன் வாயில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுத் தொட்டிமேல் குனிந்தார். ஜில்லிட்ட மூக்குக்கண்ணாடியில் குப்பென்று ஆவி படிந்தது, எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது.

தொட்டியில் அது மல்லாந்து கிடந்தது. கால் அசையவில்லை. மச்சான் கையை விட்டுத் தூக்கினார். எடையே இல்லை.

"பஞ்சு மாதிரி ஆயிட்டாளே!"

கை துடைக்கிற துண்டை விரித்து அதில் கிடத்தினார். கூடத்தில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் மெக்கானிக்கைக் காட்டி, "கொலைகாரன்! என் தங்கச்சிய ஒரு கொலைகாரனுக்குக் கட்டிக் குடுத்துட்டேனே!" என்று அழுதார். மெக்கானிக்குக்கும் அழுகை வந்துவிட்டது.

டைரக்டர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப குழாய்க்குப் பின்னால உக்காந்திருக்கிறது யாருங்க?"

அவள் சட்டை கழற்றியிருந்தாள். பழைய ஓட்டை உரித்துப் போட்டுவிட்டு, மெத்துமெத்தென்ற புது உடம்போடு ஒளிந்துகொண்டு, தன் சாவுக்கு யார் யார் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு ஏறினால் சட்டை கழற்றுவதும் சீக்கிரம் நடக்கும் என்று கூடத்துக்கே பாடம் எடுத்தவர் மச்சான்தான். இருபது வருஷம் இறாலோடு குடித்தனம் நடத்தியவர், வெறும் ஓட்டுக்கு ஒப்பாரி வைத்தார்.

எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள். பெயர் மட்டும் போகவில்லை. கேன்டீனில், "கொலைகாரருக்கு ஒரு டீ" என்பார்கள்.

"அதான் சாகலையே மச்சான், சொன்னதை வாபஸ் வாங்குங்க."

"சாகாதது அவ திறமை. உன் புண்ணியம் இல்ல."

பதினோரு வருஷமும் இதே பதில்.

போன மாசம் மச்சானுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்தார். பக்கத்தில் மெக்கானிக் மட்டும் இருந்தார். மச்சான் விரலை அசைத்தார்.

"மாப்ளே, கிட்ட வா. ஒண்ணு சொல்லணும்."

இதோ வாபஸ் வாங்கப்போகிறார் என்று மெக்கானிக் காதைக் கொண்டுபோய் வைத்தார்.

"நாலாம் தொட்டிக்காரி வாலுக்கடியில முட்டையோட இருக்கா. இந்தச் சூட்டுக்கு முன்னாடியே பொரிச்சிடுவா. இன்னிக்கோ நாளைக்கோ."

"சரி மச்சான்."

"குஞ்சுங்கள ஒண்ணா விட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். வேற யாரையும் கிட்ட விடாத, எனக்கு எவன் மேலயும் நம்பிக்கை இல்ல. நீயே சின்னக் கரண்டியால ஒவ்வொண்ணா அள்ளி, தனித்தனிக் கிண்ணத்துல விடு. ஒண்ணுகூட சாகக் கூடாது."

"எத்தனை இருக்கும் மச்சான்?"

மச்சான் கண்ணை மூடி யோசித்தார்.

"ஏழாயிரம் இருக்கும். இப்பவே கிளம்பு."