ஜெஸீமா டீச்சர் விரித்த நான்கு பாய்கள்

கலேவெலைக்கு அப்பால் இருந்த அந்தப் பாடசாலையில் அரிவரி முதல் மூன்றாம் வகுப்புவரை நாற்பத்து மூன்று பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுத்தவள் ஜெஸீமா. அவள் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் கூட்டாகத் திருப்பிச் சொல்வார்கள். பின்தங்கியவர்களுக்கு ஏச்சு விழும். கெட்டிக்கார டீச்சர் என்று ஊரில் பெயர்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு, வெங்காயம் ஏற்றிப்போன லொறி குடைசாய்ந்து அவள் கணவன் ஸக்கரியா மௌத்தானான். ஜெஸீமா அழவில்லை. நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்துவிட்டுப் பாடசாலைக்கு வந்தாள். புத்தகத்தைத் திறந்தாள், கூட்டத்தை இழுத்துப்போகும் குரல் வரவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். கடைசியில், ஒவ்வொருவராகக் கதிரைக்குப் பக்கத்தில் வரச் சொன்னாள். மற்றவர்கள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தெரிந்தது. பலர் வாசிக்கவில்லை; பாடமாக்கி ஒப்பித்திருக்கிறார்கள். பக்கத்தின் நடுவில் விரல் வைத்துக் கேட்டால் விழித்தார்கள். முன்பென்றால் கொதித்திருப்பாள். இப்போது அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான். மறுநாள் நான்கு பன்பாய்களை விரித்து, வகுப்பைப் பாராமல், எழுத்துத் தெரியாதோர், எழுத்துக் கூட்டுவோர், தட்டுத்தடுமாறி வாசிப்போர், சரளமாக வாசிப்போர் எனப் பிரித்து உட்காரவைத்தாள்.

மூன்றாம் வகுப்பு ஜுனைதா இரண்டாம் பாயில் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைக்கப்பட்டதும் அவளுடைய வாப்பா தலைமை ஆசிரியர் பதுர்தீன் மாஸ்டரிடம் போய் முறையிட்டார். மாஸ்டர் ஜெஸீமாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அவட புத்தகத்த நடுவால விரிச்சி வாசிக்கச் சொல்லுங்க மாஸ்டர்," என்றாள்.

மாஸ்டர் அப்படியே செய்தார். ஜுனைதா முதல் பக்கத்துப் பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கினாள். அவளுடைய வாப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

முதல் பாயில் றஸ்மியா இருந்தாள். ஒன்பது வயது, மூன்று வருடமாக அரிவரி. கேள்வி கேட்டால் வாய் திறக்கமாட்டாள். ஜெஸீமா தினமும் அவளுக்கு முன்னால் நான்கு எழுத்து அட்டைகளை வைப்பாள். பதில் வராவிட்டால் எடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவாள். பொறுமை என்று மற்றவர்கள் சொன்னார்கள். உண்மையில் கோபப்பட அவளுக்குள் ஒன்றுமே இருக்கவில்லை.

புரட்டாதி மாதத்தில் ஒருநாள் றஸ்மியா அட்டைக் கட்டிலிருந்து தானாகவே எழுத்துகளை எடுத்துச் சேர்த்து, "படலை," என்றாள். பிறகு "வயல்". பிறகு, அட்டையில் சேர்க்காத, சுவரில் எழுதியிருந்த ஒரு சொல்லையும் வாசித்தாள்.

"எப்பயிருந்து மகள் தெரியும்?"

"கன நாளா."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

றஸ்மியா பாயின் ஓரத்தைப் பார்த்தாள். "முந்தி டீச்சர் ஏசுவீங்க. இப்ப ஏசுறல்ல."

சந்தோஷப்பட வேண்டும், அல்லது வெட்கப்பட வேண்டும் என்பது ஜெஸீமாவுக்குத் தெரிந்தது. இரண்டும் வரவில்லை. "சரி, நாளைக்கி ரெண்டாவது பாய்ல இரி," என்றாள்.

வருட முடிவில் முப்பத்தொரு பிள்ளைகள் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் வாசித்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் மாஸ்டர் அதைச் சொன்னபோது, வேறு யாரையோ பற்றிய பேச்சுப்போல ஜெஸீமா கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும் றஸ்மியாவின் உம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெஸீமா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அவளுக்கு இன்னும் ரெண்டு பாய் இரிக்கி," என்றாள். "லீவு எடுக்காம அனுப்புங்க."