அம்பலம் சொன்ன சாட்சி

மனு எழுதுகிறவனுக்கு முதல் எதிரி சர்க்கார் அல்ல, கட்சிக்காரரின் கௌரவம்தான். திருப்பத்தூர் தாலுகா கச்சேரி வாசலில் பலகை போட்டு மனு எழுதிய எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கண்டரமாணிக்கத்துப் பெரியகருப்பன். கச்சேரி வாசலில் கால் கடுக்க நின்ற உங்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும்.

சரிகை வேட்டி

ஜெர்மன் யுத்தத்தில் சிப்பாயாகப் போய், மெசபடோமியா சண்டையில் தோளில் குண்டு பாய்ந்து, வலது கை விளங்காமல் ஊர் திரும்பியவர் அவர். பார்வைக்குக் கை நன்றாகத்தான் இருக்கும், தூக்க வராது. ஊனப் பென்ஷன் கொஞ்ச காலத்துக்கு என்றுதான் கொடுத்திருந்தார்கள். இன்னும் உழ முடியவில்லை என்று தாசில்தார் விசாரித்து எழுதினால்தான் நீடிக்கும். இல்லாவிட்டால் குடும்பம் பட்டினி.

வீட்டில் இருக்கிறபடியே விசாரணைக்கு வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனிதர் சரிகை வேட்டி, அடுத்த வீட்டுக் கடுக்கன், எதிர்வீட்டுச் செருப்பு சகிதம் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதிகாரிக்கு முன்னால கந்தலோட நின்னா எங்க தெருவுக்குல்ல அசிங்கம்? ஆளுக்கு ஒண்ணாக் குடுத்து அனுப்பியிருக்காக," என்றார்.

ஊர்ப் பெரியவர்

உடுப்புப் போகட்டும், சாட்சி காப்பாற்றும் என்று நம்பினேன். சாட்சி, அவர் ஊர்த் தலைவரான அம்பலம். பெரியகருப்பனின் வயலை ஊரார்தான் உழுது கொடுக்கிறார்கள் என்று என்னிடம் சொல்லிக் கண் கலங்கியவர். தாசில்தார், ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அம்பலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளையார்பட்டியான் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறார் என்றார். விசாரணை அதோடு முடிந்தது.

வெளியே வந்ததும் உலுக்காத குறையாகக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. அவருக்கு என் கோபமே விளங்கவில்லை.

"பொண்டாட்டி பிள்ளையோட வாழுறவன நல்லால்லைன்னு சபையில என் வாயால எப்படிய்யா சொல்லச் சொல்றீக?"

மறு விசாரணை

பென்ஷன் நின்றது. நான் விடுவதாக இல்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று கூலி வாங்காமலே மனுமேல் மனு போட்டேன். எனக்கே அது வீம்பாகிவிட்டது. கடைசியில் புதிதாக வந்த தாசில்தார் மறு விசாரணைக்கு ஒப்புக்கொண்டார்.

இந்தத் தடவை சாட்சி, பெரியகருப்பனின் மனைவி காளியம்மாள். புருஷனைக் குறைத்துச் சொல்ல அவளுக்கும் வாய் வராது. அதனால், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்காதீர்கள், விடிந்ததும் நீ என்ன செய்கிறாய் என்று மட்டும் கேளுங்கள் என்று தாசில்தாரிடம் மன்றாடினேன். அப்படியே கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னாள். பெரியகருப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நின்ற பென்ஷனைத் திரும்ப வாங்கிக் கொடுத்தது அந்தப் பதில்தான்.

"இவுகளுக்கு வேட்டி கட்டிவிடுவேன். இடது கையால சோறு திங்க மாட்டாக, அதனால ஊட்டிவிடுவேன். அப்புறம் பிள்ளைக்கு ஊட்டுவேன்."

அதன் பிறகு என் சாட்சி எவரிடமும் 'எப்படி இருக்கிறார்' என்று கேட்க நான் விட்டதில்லை. நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு, பாடையில் கிடப்பவர்கூட நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்லுவார்.