கும்மிடிப்பூண்டியில் ஒரு ‘விருப்பமில்லை’ கடிதம்

“டீச்சர், காலேஜ்ல பாடம் நடத்துற லேடீஸ் எந்த நாட்டுல ஜாஸ்தி?” பொன்னேரியில் நான் கணக்கு நடத்திய காலத்தில், எட்டாம் வகுப்பு ஷாஹிதா கேட்டாள். மக்கள்தொகை அதிகமுள்ள ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு, மறுநாள் திருத்திக்கொண்டேன். பெரிய அண்டாவில் உப்பு அதிகம் விழும். அதற்காக அந்தக் குழம்பு கரிக்கும் என்று ஆகாது. பத்துப் பேரில் எத்தனை பேர் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஷாஹிதா பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண். இப்போது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். சென்ற வாரம் போன் செய்தாள். துறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார். பணிமூப்பில் அடுத்தவள் இவள். ஆனால் அந்தப் பதவியில் விருப்பமில்லை என்று வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் எழுதித் தரச் சொல்கிறார்களாம். “ஒரு தபா வந்துட்டுப் போறீங்களா டீச்சர்?”

வெள்ளிக்கிழமை காலை சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் 10.35க்கு ஏறினேன். ஏறக்குறைய 48 கி.மீ., டிக்கெட் 15 ரூபாய், ஒன்றரை மணி நேரம். மகளிர் பெட்டியில் மீஞ்சூர் வந்த பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ, 4 கி.மீ.க்கு 20 ரூபாய்.

“காலேஜா? இன்னாம்மா, சேரப் போறியா?” என்று சிரித்தார் ஓட்டுநர்.

“சேத்துக்கினா சேருவேன் நைனா” என்றேன்.

ஆசிரியர் அறையில் ஷாஹிதா ஒரு பட்டியலைக் காட்டினாள். கருத்தரங்குக்காகப் பல நாடுகளை ஒப்பிட்டு வைத்திருந்தாள். சில நாடுகளில் கல்லூரி ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சிலவற்றில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒரு நாடு பகுதிநேர ஆசிரியர்களையும் எண்ணுகிறது, இன்னொன்று விட்டுவிடுகிறது. ஆனால் பெரும்பாலான நாடுகளில் பதவி உயர உயரப் பெண்கள் குறைகிறார்கள்.

“நம்ம காலேஜும் அப்டித்தான் டீச்சர். பத்துக்கு ஆறு பேர் லேடீஸ். ஹெச்.ஓ.டி. ஒருத்தர்கூட லேடீஸ் இல்ல.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த விமலா, கணிதத் துறை, ஆரம்பாக்கத்துக்காரர், நிமிர்ந்தார். “நானுந்தான் எழுதிக் குடுத்தேன். மீட்டிங்க அஞ்சரைக்கு வெக்கிறாங்க. அது முடிஞ்சி ரயில் புடிச்சி ஊடு போய்ச் சேர எட்டாவுது. ‘சொந்தக் காரணம்’னு எழுதச் சொன்னாங்க, எழுதினேன். ரயிலு இன்னா என் சொந்தமா?”

சிரித்தோம். ஷாஹிதா சிரிக்கவில்லை. “நானும் எழுதிடட்டுமா டீச்சர்?”

எழுதாதே என்று சொல்லத்தான் போயிருந்தேன். தினமும் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காடு சேர வேண்டியவள் அவள் என்று நினைத்ததும் வாய் வரவில்லை.

3.40க்கு அவளே எழுதினாள். ‘பதவியில் விருப்பம் இருக்கிறது. கூட்டம் ஐந்தரைக்கு நடப்பதுதான் தடை. மூன்று மணிக்கு மாற்றினால் ஏற்கிறேன்.’

அலுவலக எழுத்தர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “இன்னாம்மா பேஜாரு பண்றீங்க? எல்லாரும் ஒரு வரி போட்டுட்டுப் போறாங்க. இத்த வாங்க முடியாது.”

“வாங்கிக்கினு சீல் போட்டுக் குடுங்க சார். நான் வேணாம்னா அத்த நிர்வாகம் எழுதட்டும். நான் எழுத மாட்டேன்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சீல் விழுந்தது. ஷாஹிதா நகலை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். வேலைக்கே ஆபத்து வரலாம் என்று அவளுக்குத் தெரியும். இதை எழுதும் இன்றுவரை பதில் வரவில்லை.

திரும்பும் வண்டியில் அந்தப் பட்டியலையே நினைத்துக்கொண்டு வந்தேன். எந்த நாடானாலும் பதவியில் இருப்பவர்களைத்தான் எண்ண முடிகிறது. ஒரு வரி எழுதிக் கொடுத்து விலகிய விமலாக்களுக்கு அதில் கட்டமே இல்லை.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மதியத்தில் வண்டிகளுக்கு இடைவெளி அதிகம், திரும்பும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். குடிநீர் கையில் இருக்கட்டும்.

உங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றுக்குப் போய், பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேட்ட கையோடு, துறைத் தலைவர்கள் கூட்டம் எத்தனை மணிக்கு நடக்கிறது என்றும் கேளுங்கள்.