பூட்டை அவள் தொடவில்லை

வேன்காரி பூட்டை உடைத்துக்கொண்டு ஓடினாளாம்! யார் பார்த்தது? எந்தக் கண்ணால் பார்த்தது? அந்தப் பூட்டு இன்றைக்கும் அவள் புருஷன் வீட்டு இரும்புப் பீரோவில் ஒரு கீறல் இல்லாமல் தொங்குகிறது. பேசுகிற வாய்களில் ஒன்றாவது மாடியேறிப் போய் அதைத் தடவிப் பார்த்ததா? கீழ்வீட்டு ரேடியோக்காரி சொன்னாள், கேட்டார்கள், ஆளுக்கு ஒரு முழம் சேர்த்து அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு ரேடியோ என்று பேர் வந்தது பாட்டுப் பாடியதால் அல்ல. நிறுத்துகிற திருகு அவளிடம் இல்லை, அதனால் வந்த பேர்.

வேன்காரியைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஒழுங்காகப் பேச வேண்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை வேனோடு காத்துக் கிடக்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் சீட்டாடினார்கள், இருக்கையைச் சாய்த்துக் குறட்டை விட்டார்கள். இவளுக்கு இரண்டும் வரவில்லை. கருவிப் பெட்டியில் சாவி தொலைந்த பழைய பூட்டு ஒன்று கிடந்தது. அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த நாளில், இரண்டு கம்பியை விட்டு அதே மாதிரிப் பூட்டை யாரோ திறக்கும் காட்சி கைப்பேசியில் வந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. சிலருக்குக் குறுக்கெழுத்து, சிலருக்கு மீன்தொட்டி, இவளுக்குப் பூட்டு. இதில் என்ன குற்றம்?

முதலில் ஏமாந்துதான் போனாள். தோல் மாதிரி ஓர் உறை, அதற்குள் சீப்புப் பல் போல வரிசையாகக் கம்பிகள், விலையும் மலிவு. இத்தனை இருந்தால் எந்தப் பூட்டும் வாய் திறந்துவிடும் என்று நம்பி வாங்கினாள். பாதிக் கம்பிக்கு என்ன வேலை என்றே தெரியவில்லை. மீதி தடிமனாக இருந்ததால் சாவித் துளையில் நுழையவே இல்லை. நுழைந்த ஒன்றும் வளைந்து, நுனி ஒடிந்து உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. ஓரத்தை யாரும் அரத்தால் தேய்த்திருக்கவில்லை, விரலைக் கிழித்தது. வேனுக்குள் உட்கார்ந்து அந்த உறையை அவள் திட்டிய திட்டில், தன்னைத்தான் திட்டுகிறாள் என்று பக்கத்து வேன்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

பிறகுதான் விசாரித்தாள். இதே பைத்தியம் பிடித்தவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று கைப்பேசியில் இருந்தது. எண்ணிக்கையைப் பார்க்காதே, எஃகைப் பார் என்றார்கள். பூட்டுக்குள் இருக்கும் சின்ன முட்களை ஒவ்வொன்றாகத் தூக்க, உயரம் குறைந்த கொக்கி ஒன்று, கூடியது ஒன்று. அலையாக நெளிந்த கம்பி ஒன்று. சாவி போல உள்ளே விட்டுத் திருப்பிப் பிடிக்க வளைந்த தகடுகள், தடிமனில் இரண்டு மூன்று தினுசு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது தாராளம். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பூட்டு வாங்கட்டுமா என்று கேட்டாள். ஒரு நாள் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், மறுநாள் அது பொம்மை, அந்தக் காசுக்கு நிஜப் பூட்டு வாங்கு என்று பதில் வந்தது. கூடவே இரண்டு கட்டுப்பாடும் சொன்னார்கள். உன்னுடையது அல்லாத பூட்டைத் தொடாதே. உன்னுடையதே ஆனாலும் உபயோகத்தில் இருக்கும் பூட்டைத் தொடாதே. சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்பது போல அவள் அதற்கு நின்றாள். கடைசி வரை நின்றாள்.

அவர்கள் சொன்ன கம்பிகளோடு இரண்டாவது பார்சல் வந்தபோது அவள் வீட்டில் இல்லை. ரேடியோக்காரி கையெழுத்துப் போட்டு வாங்கினாள், மூலையைக் கிழித்து எட்டிப் பார்த்தாள், வேன்காரியின் புருஷனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவரோ ஒரு பெரிய கிடங்கில் சாவிப் பொறுப்பாளர். இடுப்பு வளையத்தில் சாவிகள் குலுங்க நடந்தால்தான் அவருக்கு நடந்த மாதிரி இருக்கும்.

"என்னடி இது?"

"கம்பிங்க. பூட்டு திறந்து பழகறதுக்கு."

"என் பொண்டாட்டி பூட்டு திறக்கறான்னு தெரிஞ்சா கிடங்குல என்னை நம்பிச் சாவி குடுப்பாங்களா?"

"உங்களுக்குச் சமைக்கத் தெரியும். அதுக்காக ஓட்டலுக்குள்ள புகுந்து அள்ளித் தின்னுடறீங்களா?"

மறுநாள் அவள் கைப்பையில் ஓட்டுநர் லைசென்ஸ் இல்லை. பீரோவில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது. கம்பியைக் குப்பையில் போட்டால் லைசென்ஸ் வெளியே வரும் என்றார் மனிதர். பத்து வருஷமாகப் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்விட்ட கைக்கு இதுதான் மரியாதை!

பள்ளிக்கூடத்து மேலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார். அப்போது பள்ளிக்கு லீவு. அது முடிவதற்குள் லைசென்ஸைக் காட்டவில்லையென்றால் வேன் வேறு ஆளுக்கு. தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள் என்று புத்தி சொன்னவர்கள் உண்டு.

"தொலையாததைத் தொலைஞ்சுதுன்னு நான் ஏன் எழுதித் தரணும்? அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே. வெச்ச கையே எடுத்துத் தரட்டும்."

பீரோவில் தொங்குவது போலவே ஒரு பூட்டைக் கடையில் வாங்கினாள். அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து அதைத் திறந்தாள். பூட்டினாள், மறுபடி திறந்தாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதைவிடப் பெரிய பூட்டு வாங்கி வந்து மாட்டினார். இவளும் போய் அதே பெரிய பூட்டை வாங்கினாள். பெரியதற்கு வாயும் அகலம். கொக்கி இன்னும் சுலபமாக உள்ளே போனது. கிடங்குக்கே சாவி வைத்திருக்கிற மனிதருக்கு இது தெரியவில்லை!

கடைசியில் அவர் தன் அக்காவை வரவழைத்தார், தம்பி பெண்டாட்டிக்குப் புத்தி சொல்ல. நாத்தனார் கோபமாகத்தான் வந்தாள். மேசையில் பூட்டும் கம்பியும் கிடந்ததைப் பார்த்தாள்.

"ஏம்மா, திறக்கத்தான் தெரியுதே. திறந்து எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு இந்தக் கூத்து?"

"அது மாட்டியிருக்கிற பூட்டு அண்ணி. என்னுதும் இல்ல. தொட மாட்டேன்."

"பார்த்தியா திமிரை!" என்று குதித்தார் அவர். "ஊர்ல என்ன பேசறாங்கன்னு தெரியுமாக்கா?"

"ஊரு வந்து இவ வேனை ஓட்டுமாடா? உள்ள இருக்கறது உன் லைசென்ஸா, அவ லைசென்ஸா?"

"அவளுதுதான். ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. சாவியை எடு."

எடுத்தார். தன் கையால், தன் சாவியால், அக்கா பார்க்க, கதவருகே நின்று ரேடியோக்காரியும் பார்க்கத் திறந்தார். லைசென்ஸை மேசையில் வீசினார்.

"எடுத்துக்கிட்டுப் போ. படியிறங்கினா திரும்ப ஏறாதே."

அவள் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"போகச் சொன்னது நீங்க. நாளைக்கு அதை மாத்திச் சொல்லாதீங்க."

மாற்றித்தான் சொன்னார். நானே திறந்து கொடுத்தேன் என்று வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சமாம். அதற்காக அவளைத் திருடியாக்கினார். முழுக்கப் பார்த்த ரேடியோக்காரி அதற்குத் தலையாட்டினாள்.

அன்றைக்கு வேன்காரி துணிமணியையும் கம்பிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். நாத்தனார் குரல் இறங்கிவிட்டது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது போயேன்."

"வேணாம் அண்ணி. ஆபீஸ் மூடறதுக்குள்ள பள்ளிக்கூடம் போய்ச் சேரணும். இனிமே என் அக்கா வீட்டுல இருப்பேன், அங்க வாங்க."

ரேடியோக்காரி அதற்குள் இறங்கிப் படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பையும் கையுமா எங்க கிளம்பிட்டே?"

"வேலைக்கு. கொஞ்சம் நகரு."

நகர்ந்தாள். வேன்காரி பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க, வாசல் வழியாக வெளியே போனாள்.