ஏழுமலை வாயைத் திறக்கக் கூடாது என்று வேண்டினேன்

நம் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் இந்த அன்பியத்துச் சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்கள் முன் சொல்ல வந்திருக்கிறேன். யாரும் கை தட்டாதீர்கள். கைதட்டலில்தான் எங்கள் வீட்டுக் கஷ்டம் ஆரம்பித்தது. வாய்க்கு வந்தபடி பேசினால் கோபத்தில் எதையாவது கொட்டிவிடுவேன் என்று எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை. கணவர் சேவியர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். ஒரே மகன் ஜெரோம். இரண்டு வருடத்துக்கு முன்பு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு பழைய கார் வாங்கினோம். லோன், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் என் பெயரில். எனக்கு ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் என் கணவருக்கு மட்டும்தான்.

ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். கண்ணாடியில் செபமாலை தொங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று என் கணவர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வேறு வைத்தார். தலைப்பிள்ளை கையால் வண்டியை எடுக்கணும் என்று சாவியை ஜெரோமிடம் கொடுத்தார். அவனுக்கு அப்போது பதினேழு வயது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். செல்போனில் வீடியோவும் எடுத்தேன். மந்திரித்த வண்டி, என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். எங்கள் மடத்தனத்துக்கு மாதாவைக் காவல் வைத்தோம்.

அடுத்து வந்த தவக்காலத்தில் மூன்றாம் வெள்ளிக்கிழமை. ஜெரோமுக்கு ஸ்டடி லீவு. கடையில் ஆள் வரவில்லை என்று என் கணவர் அவனைக் கூப்பிட்டு, கூட்டேரிப்பட்டில் ஒரு மேஸ்திரியிடம் இரண்டு பெயிண்ட் டப்பாவைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். காரில்தான். பத்து நிமிட வேலையாம்.

கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மொபெட்டில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ரோட்டைக் கடந்த ஒருவரை அவன் இடித்துவிட்டான். அவர் பெயர் ஏழுமலை. பக்கத்து ஊர் விவசாயி. வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, தலையிலும் அடி. ஜெரோம் ஓடவில்லை. சட்டையைக் கழற்றிக் காலில் கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவரை விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் வேலையிலிருந்து வீட்டுக்குப் போவதற்குள் எங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பாஸ்கர் வந்து உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, பேஜாரு பண்ணிக்காதீங்க. அண்ணன்தான் ஓட்டினாருன்னு எழுதிக் குடுத்துடலாம். லைசென்ஸ் இல்லாத பையன்னு தெரிஞ்சா கம்பெனி கையக் கழுவிடும். வண்டி உங்க பேர்ல இருக்குது. ஜெயிலுக்கு நீங்கதான் போவணும். வேலையும் பூடும். எல்லாரும் பண்றதுதான்கா இது.”

என் கணவர் அப்படியே ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உள்ளறையில் ஜெரோம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, எங்களோடு பேசவுமில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நவநாள் ஆரம்பித்தேன். ஒன்பது நாள், தினம் ஒரு மெழுகுவர்த்தி. ஏழுமலை பிழைக்கணும் என்றா வேண்டினேன்? இல்லை. ஓட்டியது ஒரு பையன் என்று அவர் வாயைத் திறக்கக் கூடாது என்று வேண்டினேன். முதல் இரண்டு நாள் அவருக்கு நினைவே இல்லை. அப்படியே நினைவு வராமல் போனால் என்று ஒரு யோசனை எனக்குள் ஓடியது. அதை முழுதாக நினைத்து முடிக்கவில்லை. முடிக்கவில்லை என்பதால் பாவம் குறைந்துவிடுமா?

ஒன்பதாம் நாள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்க்கப் போனதாகச் சொல்லிக்கொண்டேன். உளவு பார்க்கத்தான் போனேன். ஏழுமலை கண் விழித்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சரோஜா. இடித்த கார் எங்களுடையது என்று சொன்னேன்.

“உங்க புள்ள எப்படிம்மா இருக்குது? என்னத் தூக்கி மடியில வச்சிக்கினு அழுதுக்கினே இருந்தான். பயந்துட்டிருப்பான், பாவம்” என்றார்.

கொண்டுபோன பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அவரே மேலே சொன்னார்: “நீங்க கவலப்படாதீங்க. போலீஸ் கேட்டா அவங்க அப்பாதான் ஓட்னாருன்னு சொல்லிட்றேன். பையன்னு சொன்னா எனக்கு ஒத்தப் பைசா இன்சூரன்ஸ் வராதாமே. உங்க ஏஜெண்டு வந்து சொல்லிட்டுப் போனாரு.”

நான் கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. ஆனால் கொடுத்தது மாதா இல்லை, பாஸ்கர். கால் உடைந்து கிடக்கிற மனிதரைப் பயமுறுத்தி வாங்கிய மௌனம் அது. அதற்குத்தான் நான் ஒன்பது மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஏழுமலைமேல். “ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க? உங்க காலுதான உடைஞ்சது? சொல்லுங்க!” என்று கத்திவிட்டேன்.

சரோஜா எழுந்து நின்றார். “இன்னாம்மா, இடிச்சதும் நீங்க, அதட்றதும் நீங்களா? எடுத்துக்கினு போ உன் ஹார்லிக்ஸ!”

வார்டே என்னைப் பார்த்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். திண்டிவனம் பஸ்ஸில் ஏறி வழியெல்லாம் ஆண்டவரோடு சண்டை போட்டேன். என்னை எதற்கு இப்படி நாலு பேர் முன்னால் கேவலப்படுத்தினீர் என்று கேட்டேன். நேராகக் கோவிலுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான், கேவலப்படுத்தியது அவர் இல்லை, சரோஜா கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று புரிந்தது. அன்று வேறு செபம் செய்தேன். ஆண்டவரே, இத்தனை நாள் அவர் வாயை மூடும் என்று கேட்டேன். இப்போது என் வாயைத் திறந்துவிடும். எனக்கு ஜெயில் என்றாலே பயம், நானாகத் திறக்க மாட்டேன் என்று அழுதேன்.

மறுநாள் விழுப்புரம் கோர்ட்டுக்குப் போய் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. “பையன் ஓட்டினான்றதுக்காக அடிபட்டவருக்கு ஒண்ணும் வராதுன்னு யார் சொன்னது? கம்பெனி முதல்ல அவருக்குக் குடுத்துட்டு, அப்புறம் உங்ககிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம். நஷ்டம் அவருக்கு இல்லம்மா, உங்களுக்கு.” அப்படியானால் நாங்கள் இத்தனை நாள் காப்பாற்றியது ஏழுமலையின் பணத்தை இல்லை. எங்கள் தோலைத்தான்.

வீட்டுக்கு வந்து ஸ்டேஷனுக்குப் போகப் போகிறேன் என்றேன். என் கணவர் குதித்தார். “பைத்தியமாடி உனக்கு? நல்லா போய்க்கினு இருக்கிற கேஸ நீயே கெடுக்கறியா?”

“நல்லா போய்க்கினு இருக்குதா? உள்ள ஒருத்தன் பட்டினி கெடக்கறான், அங்க ஒருத்தர் கால் ஒடஞ்சி கெடக்கறாரு. எது நல்லா போவுது?” என்று கத்தினேன்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. ஜெரோம் சட்டை மாட்டிக்கொண்டு நின்றான். “அம்மா, நானும் வரேன்” என்றான். பத்து நாள் கழித்து அவன் பேசிய முதல் வார்த்தை. என் வாயைத் திறக்கக் கேட்டேன், ஆண்டவர் என் பிள்ளை வாயையும் சேர்த்துத் திறந்தார். நாங்கள் தெருமுனைக்குப் போவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. என் கணவரும் வந்தார். பொய் எழுதிக் கொடுத்ததைத் தன் வாயாலேயே ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டார்.

இதற்குப் பிறகு எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொன்னால் அதுவும் பொய். வண்டியின் பதிவை ஒரு வருடத்துக்கு ரத்து செய்தார்கள். ஜெரோமுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. என்மேல் கேஸ் நடக்கிறது. தண்டனை வரலாம், கம்பெனியும் வசூலுக்கு வரும். நகையை விற்கத் தயாராக இருக்கிறேன். ஆனால் ஏழுமலைக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. இந்த மல்லாட்டை விதைப்புக்கு அவர் கம்பு ஊன்றிக்கொண்டு தன் நிலத்தில் இறங்கினார். ஜெரோம் பஸ்ஸில் போய் அவரோடு நின்றான். சனிக்கிழமைதோறும் போகிறான். யாரும் அவனை அனுப்பவில்லை. சரோஜா மட்டும் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அது நியாயம்தான். ஒரு நாள் அவர் என்னைத் திட்டுவதற்காவது வாயைத் திறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டவருக்குக் கோடி நன்றி. நான் கேட்டதை அவர் கொடுத்திருந்தால் இன்று என் வீட்டில் ஒரு பொய்க்கு மூன்று பேர் காவல் இருந்திருப்போம். இப்போது மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். என்னைப்போல் மாட்டிக்கொண்டு பயத்தில் இருக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், உண்மையை அவரிடம் சொல்லுங்கள். வலிக்கும். ஆனால் விட்டுவிட மாட்டார்.

ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. போன ஞாயிறுகூட இந்த வாசலில் ஒரு புது வண்டியை மந்திரித்தார்கள். மீசை முளைக்காத ஒரு பிள்ளைதான் எடுத்தான். நீங்கள் மறுபடியும் கை தட்டினீர்கள்.

இப்போது எல்லோரும் முழந்தாளிடப் போகிறோம். அதற்கு முன்னால், வாசலில் வண்டி நிறுத்தியிருக்கிற பெற்றோர்களே, சாவி யார் பையில் இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையிடம் இருந்தால் இப்போதே வாங்குங்கள். நான் காத்திருக்கிறேன்.