தமயந்தி மேடம் சொல்லாத பெயர்

புதன்கிழமை இரண்டாவது வகுப்பில் இருந்தேன். தமயந்தி மேடம் நாமக்கல் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகத் துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மணி அடிக்கும்வரை பாடத்தை நடத்தி முடித்தேன். பதினான்கு ஆண்டுகள் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்தவன் நான்.

நாங்கள் நிர்வாகவியல் ஆசிரியர்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ரிக் வண்டி அனுப்பி ஆழ்துளைக் கிணறு போடும் நிறுவனங்களைப் பற்றி அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். நானாக இருந்தால் முதலாளிகளிடம் கேள்வித்தாளை நீட்டியிருப்பேன். அவரோ ஊர் திரும்பிய தொழிலாளர்களின் வீடுகளுக்குப் போய், அந்த வேலையை அவர்கள் என்னவாகப் புரிந்துகொண்டார்கள் என்று நாள்கணக்கில் கேட்டார். நான் கேலி செய்தேன்.

"ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள மார்க் போடச் சொன்னா போட்டுக் குடுத்துருவாங்க சார். என்ன நெனச்சுப் போட்டாங்கன்னு நமக்கு எப்படித் தெரியுமுங்க?" என்றார்.

அவரிடம் பேசியவர்களில் ஒருவரைச் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டுகளை முதலாளி வாங்கி வைத்திருந்ததால், காய்ச்சலில் கிடந்த கூட்டாளியை ஊருக்கு அனுப்ப முடியாமல் அங்கேயே சாகக்கொடுத்ததை அவர் சொன்னார். அதே வேலையை முதலாளி 'ஒரே குடும்பம் மாதிரி' என்று வர்ணித்திருந்தார். மேடம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இரண்டும் அடுத்தடுத்து வந்தன. யார் பெயரும் இல்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு முதலாளி கல்லூரிக்கு வந்த அன்று மேடம் விடுப்பு. பாஸ்போர்ட் விஷயத்தைச் சொன்ன தொழிலாளி யார் என்று என்னிடம் கேட்டார்; அந்த ஆளுக்கு உதவத்தான் கேட்பதாகச் சொன்னார். அவர் கல்லூரி நிர்வாகத்துக்கு வேண்டியவர். மேடம் என்னை நம்பிச் சொல்லியிருந்த பெயரை நான் சொல்லிவிட்டேன். அந்த மாதத்திலிருந்து செல்வத்தை எந்த நிறுவனமும் ரிக் வேலைக்கு எடுக்கவில்லை.

மேடம் கேட்டபோது ஒப்புக்கொண்டேன். கத்துவார் என்று நின்றேன். "உங்ககிட்டப் பேரச் சொன்னவ நான்தானுங்களே சார்," என்றார். பிறகு மற்ற தொழிலாளர்கள் பேசிய ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தார். பட்டம் அதோடு நின்றுபோனது.

எரியூட்டிய மறுநாள் செல்வத்தைத் தேடிப் போனேன். இப்போது கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறார். பெயரைச் சொன்னது நான்தான் என்று சொன்னேன்.

"அந்தம்மா மூணு தடவ ஊட்டுக்கு வந்தாங்க. நாங்க கதவத் தொறக்கலீங்க. எல்லாம் என்னாலதான்னு வெளிய நின்னே சொல்லிட்டுப் போனாங்க," என்றார். பிறகு, "இத அவங்க இருக்கறப்ப வந்து சொல்லியிருக்கலாமுங்க."

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களிடமும் இப்போது சொல்லிவிட்டேன். அவருடைய புத்தகங்கள் நூலகத்துக்குப் போய்விட்டன. எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியது, எனக்காக அவர் சுமந்த பழி. அதை இனி நான் வைத்துக்கொள்கிறேன்.